கல்வெட்டுக்குச் சிரித்தவர்

"இது எங்கடை அப்பா இல்லை, அக்கா."

லண்டனிலிருந்து ரமணன் இதைச் சொன்னபோது நான் அச்சகத்தில் கணினிக்கு முன்னால் இருந்தேன். திரையில் அவருடைய அப்பாதான் இருந்தார். முகத்துக்கு முகம் இருந்து, பார்த்துப் பார்த்து, என் கையால் வரைந்த குலசேகரம் ஐயா. கண் இடுங்கி, வாய் திறந்து, மேல்வரிசையில் ஒரு பல் இல்லாத இடம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் இறந்து ஒரு கிழமை ஆகியிருந்தது.

நம் ஓவியர் குழுவின் தளத்தில் இந்த மாதத் தலைப்பு 'வரைந்தும் வெளிவராத படம்'. ஆளுக்கொன்றாகப் போட்டுவருகிறீர்கள். கடைசி நேரத்தில் கைவிடப்பட்ட அட்டைப்படங்கள், பதிப்பாளர் பனைமரம் கூடிப்போயிற்று என்று திருப்பியனுப்பிய சிறுவர் கதைப் படங்கள், மாப்பிள்ளையின் மூக்குப் பெரிதென்று பெண்வீட்டார் வாங்க மறுத்த திருமண ஓவியம். எல்லாவற்றையும் பார்த்தேன். சிலவற்றுக்கு வாய்விட்டுச் சிரித்தேன். என் முறைக்கு நான் எழுத வந்தது இந்தச் சிரிப்பைப் பற்றி. படம் மட்டும் பதிவில் இருக்காது. ஏன் என்பதை முடிவில் சொல்கிறேன்.

1. தலையில்லாத உடம்புகள்

வெளியூரிலிருந்து வாசிக்கிறவர்களுக்காக ஒரு விளக்கம். யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டியது அல்ல. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்து, வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு, போகும்போது கையில் கொடுத்தனுப்பும் சிறு புத்தகம். முதல் பக்கத்தில் இறந்தவரின் படம். அடுத்து தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, புலம்பல் பாட்டு. ஊரில் எந்த வீட்டு அலுமாரியைத் திறந்தாலும் நாலைந்து கல்வெட்டு கிடக்கும். எறியவும் மனம் வராது, எடுத்துப் பார்க்கவும் மாட்டார்கள்.

நான் ஓரிடத்தில் இருந்தால் கால் உளைகிற ஆள். கொழும்பில் விளம்பர நிறுவனம், பிறகு ஒரு சிறுவர் சஞ்சிகை, பிறகு எந்த மேசையும் இல்லாத சில வருடங்கள். கடைசியில் யாழ்ப்பாணத்துக்கே திரும்பி, தவராசா அண்ணையின் அச்சகத்தில் யன்னலோர மேசை ஒன்றைப் பிடித்தேன். முதல் நாளே அவர் கணினியில் ஒரு கோப்புறையைத் திறந்து காட்டினார். அதன் பெயர் 'கோட்'. உள்ளே முழுக்கத் தலையில்லாத உடம்புகள். கறுப்புக் கோட், நீலக் கோட், கழுத்தில் ரை கட்டியது, கட்டாதது. பெண்களுக்குக் கூறைச்சேலையும் அட்டியலும்.

"தலையை வெட்டி இதிலை வை பிள்ளை. கழுத்திலை நிறம் ஒத்துவந்தாச் சரி" என்றார். நான் முகத்தைச் சுளித்திருக்க வேண்டும். "செத்த வீட்டுக்காரருக்கு அவசரம். கலைக்கு அவசரமில்லை. அதைப் பேந்து பாப்பம்."

தலைகள் பெரும்பாலும் அடையாள அட்டையிலிருந்தே வரும். அதை ஸ்கான் எடுத்து, புள்ளி அழித்து, நரைக்குக் கொஞ்சம் மை ஏற்றி, கோட்டில் பொருத்தி, பின்னால் நீலம் விடுவேன். எத்தனையோ பேர் ஒரே உடம்போடு போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். அந்தக் கோட்டுக்குச் சொந்தக்காரன் எந்த நாட்டு மொடலோ தெரியாது. தன் தோளில் எத்தனை வாத்தியார்களும் கமக்காரர்களும் மீன்பிடிச் சம்மாட்டிகளும் தலை வைத்தார்கள் என்பது அவனுக்கும் தெரியாது.

2. ஆர் மோசம் போனது?

குலசேகரம் ஐயா ஒரு வெய்யில் நாளில் குடையோடு வந்தார். வேட்டி, அரைக்கைச் சேட்டு, மெலிந்த உடம்பு. கல்வெட்டு அடிக்க வேண்டும் என்றார். தவராசா அண்ணை உடனே துக்க முகத்தைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார்.

"ஆர் ஐயா மோசம் போனது?"

"இன்னும் ஒருத்தரும் போகேல்லை. நான்தான் போறதுக்கு இருக்கிறன்."

தவராசா அண்ணைக்கு அந்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. என் மேசையைக் கை காட்டிவிட்டு மெசினடிக்குப் போய்விட்டார்.

ஐயா சேட்டுப் பையிலிருந்து படங்களை எடுத்து என் மேசையில் வரிசையாக வைத்தார், சீட்டுப் பரப்புகிற மாதிரி. இளவயதுப் படமும் இருந்தது, கிழவராகிய படமும் இருந்தது. தலைமயிர் மாறியிருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது. வாய் மட்டும் ஒரே வாய்.

"வடிவாப் பாருங்கோ தங்கச்சி. என்ரை படம் எல்லாம் ஆரோ கேட்டு எடுத்தது. வேலைக்கு ஒண்டு, அடையாள அட்டைக்கு ஒண்டு, ஊர்விட்டு ஊர் போகப் பாஸ் எடுக்க ஒண்டு, முகாமிலை பதியேக்கை ஒண்டு. எல்லாம் ஆருக்கோ காட்டுறதுக்கு. சிரிக்காதை எண்டு சொல்லித்தான் எடுத்தவங்கள்."

அவர் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் கல் அரைக்கும் பகுதியில் வேலை செய்தவர். அங்கே வாயைத் திறந்தால் தூள் போகும் என்று வாயை மூடிப் பழகியவர். தொழிற்சாலை மூடிய பிறகு இடம்பெயர்வு. அந்தக் காலத்தில் வாயைத் திறக்க வேறு பயங்கள் இருந்தன. கல்வெட்டில் மட்டும் அந்த மூடிய வாய் வரக்கூடாது, சிரித்த முகம்தான் வரவேண்டும் என்றார். அவர் கேட்டது அது ஒன்றுதான்.

இது என்ன பெரிய வேலை என்று என் தொலைபேசியைத் தூக்கினேன். வில்லையைக் கண்டதும் அவருடைய தோள் நிமிர்ந்தது, தாடை உள்ளே போனது, கண் எனக்குப் பின்னால் யாரையோ பார்த்தது. எடுத்த படத்தைக் காட்டினேன். அடையாள அட்டை இன்னொன்று பிறந்திருந்தது.

"பாத்தியளே, கமெராவைக் கண்டா முகம் தானாய்ப் பூட்டிப்போடுது" என்றார். "அதுதான் கீறுற ஆளைத் தேடி வந்தனான்."

கீறுகிற ஆள். எங்கள் ஊரில் படம் வரைவதைக் கீறுவது என்றுதான் சொல்வார்கள். எத்தனையோ அலுவலகங்களில் எத்தனையோ பதவிப்பெயர் இருந்தும், ஒருவர் எனக்கென்றே ஒரு வேலையைக் கொண்டுவந்து தந்தது அன்றைக்குத்தான்.

3. தன் ஆளையே வெட்டியவர்

அளவெட்டியில் அவருடைய வீடு. ஸ்கூட்டியில் போனேன். குளித்து, திருநீறு பூசி, மினுக்கிய சேட்டோடு முன்விறாந்தைக் கதிரையில் தயாராக இருந்தார். "சிரிக்கிறன், கீறுங்கோ" என்று பல்லைக் காட்டினார். பல் மட்டும் சிரித்தது. கண் ஏதோ சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றது.

முகம் வரைகிறவர்களுக்குத் தெரியும், சிரிப்பை வாயிலிருந்து தொடங்கக்கூடாது. அது கண்ணுக்குக் கீழுள்ள தசையில் எழும்பி, மூக்கின் இரண்டு கரையாலும் இறங்கி, கடைசியில்தான் வாய்க்கு வருகிறது. பல்லை ஒவ்வொன்றாகக் கோடு போட்டுப் பிரித்தால் சோளப்பொத்தி ஆகிவிடும். ஒரே வெள்ளையாக விட்டுவிட வேண்டும். ஐயாவுக்கு மேல்வரிசையில் இடப்பக்கம் ஒரு பல் இல்லை. அந்தச் சின்னக் கறுப்பு முழுச் சிரிப்பையும் தாங்கிக்கொள்ளும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சிரிப்புத்தான் வந்து சேரவில்லை.

அவருடைய மனைவி பூமணி அன்ரி தேத்தண்ணியோடு வந்து பார்த்தார்.

"இஞ்சருங்கோ, பல் டொக்டரிட்டை வாயைத் திறந்த மாதிரி ஏன் இருக்கிறியள்?"

அதற்கும் சிரிக்கவில்லை. "நீர் உம்மடை வேலையைப் பாரும்" என்றுவிட்டு வாயைத் திறந்தபடியே இருந்தார்.

அடுத்தமுறை போனபோது பகிடி வீடியோக்களைத் தொலைபேசியில் போட்டுக் காட்டினேன். செய்தி பார்ப்பதுபோலக் கவனமாகப் பார்த்து, இவர் எந்த ஊர் என்று கேட்டார். நான் பென்சில்களைத் துணியில் சுருட்டிக் கட்டினேன். முடியாது என்று சொல்லிவிட்டுப் போவதற்கு வசனம் தேடிக்கொண்டிருந்தபோது படலை திறந்தது. சீட்டு விளையாட வருகிற மூன்று கிழவர்கள்.

முந்நூற்றி நாலு. எங்கள் பக்கத்துச் சீட்டு விளையாட்டு. நாலு பேர், எதிரெதிரே இருக்கிற இரண்டு பேர் ஒரு கட்சி. துரும்பு என்றால் மற்ற எல்லாச் சீட்டையும் வெட்டுகிற சீட்டு. அதைச் சொல்கிறவர் அந்தச் சீட்டைக் கவிழ்த்து மேசையில் வைத்துவிடுவார், நேரம் வரும்வரை யாருக்கும் காட்டமாட்டார். குலசேகரம் ஐயாவின் கூட்டாளி சின்னத்துரை அண்ணை, ஓய்வுபெற்ற தபால்காரர். நான் யாருடைய கண்ணிலும் படாமல் யன்னலோரம் நின்றேன். பக்கத்து வீட்டில் யாரோ நாதஸ்வரத்தில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சாதகம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருமுறையும் ஒரே இடத்தில் சறுக்கியது.

ஐயா ஒரு நல்ல சீட்டைப் போட்டார். அந்தப் பிடி அவருக்குத்தான் என்று எனக்கே தெரிந்தது. சின்னத்துரை அண்ணை நெற்றியைச் சுருக்கி, பெரிய யோசனைக்குப் பிறகு, ஒரு துரும்பை ஓங்கி அடித்தார். தன் ஆளின் வெற்றிச் சீட்டைத் தானே வெட்டிவிட்டார்.

ஐயா சீட்டைப் பார்த்தார், கூட்டாளியைப் பார்த்தார். பிறகு அது வந்தது. முதலில் கண்ணடியில் ஒரு அசைவு, தண்ணீருக்குக் கீழே மீன் திரும்புவது போல. கன்னம் ஏறியது. கழுத்து நரம்பு தெரிந்தது. அத்தனை வருடம் மூடியிருந்த கதவு ஒன்று தன் துருவோடு திறந்த மாதிரி, சத்தமே இல்லாமல் வாய் அகன்று, பிறகுதான் சத்தம் வந்தது.

"அட சின்னத்துரை, ஊர்க்கடிதம் எல்லாம் உப்பிடித்தான் குடுத்தனியோ?"

"உவன் செத்த வீட்டுத் தந்தியைக் கலியாண வீட்டிலை குடுத்தவன்" என்றார் மற்றவர்களில் ஒருவர்.

"அவையும் வாங்கிப்போட்டுச் சாப்பாடு போட்டவை" என்றார் சின்னத்துரை அண்ணை, முகம் மாறாமல். ஐயா கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார். சத்தம் கேட்டுப் பூமணி அன்ரியும் வாசலில் வந்து நின்று பார்த்தார்.

நான் கீறினேன். பார்த்துக் கீறியதா, கீறிவிட்டுப் பார்த்ததா என்று இன்றைக்கும் தெரியாது. 4பி பென்சில், தாளுக்கு மேல் தாள். நாதஸ்வரக்காரர் சறுக்கிய இடத்தைத் தாண்டிப் போனது காதில் விழுந்தது.

எல்லோரும் போன பிறகு தாளை ஐயாவிடம் கொடுத்தேன். எட்டப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். ஒரு கையால் தன் கன்னத்தைத் தடவினார்.

"உது நானோ?"

"நீங்கள்தான் ஐயா."

"உவர் இவ்வளவு காலமும் எங்கை இருந்தவர்?"

4. கவிழ்த்து வைத்த சீட்டு

அதையே நல்ல தாளில் பேனாவாலும் நீர்வர்ணத்தாலும் முடித்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன். அச்சகத்துக்காக ஒரு ஸ்கான் என்னிடம் இருந்தது. அன்றைக்கு ஒரு சின்னக் கதை நடந்தது. சின்னது என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஒரே மகன் ரமணன், பத்தொன்பது வயதில் லண்டன் போனவர். அவருக்கு இதை ஒருக்கால் அனுப்பிக் காட்டுவோமா என்று கேட்டேன். பூமணி அன்ரி கையை உதறினார்.

"சிவ சிவா. இருக்கிற மனிசன்ரை கல்வெட்டுப் படத்தைப் பெத்த பிள்ளைக்கு அனுப்புறதோ? அவன் அங்கை பயந்துபோவான்."

அது நியாயம்தான். எங்கள் வீடுகளில் உயிரோடு இருப்பவரின் சாவுக்குரிய எதையும் முன்கூட்டி வெளியே எடுக்கமாட்டார்கள். ஆனால் ஐயாவுக்கு அது பயமாக இல்லை, பகிடியாக இருந்தது.

"வேண்டாம், நான் போன பிறகு பாக்கட்டும். துரும்பை ஆரும் முதலே திறப்பினமே?" என்று வாய் திறக்காமல் கொடுப்புக்குள் சிரித்தார். "எல்லாரும் அழுதுகொண்டு வந்து முதல் பக்கத்தைத் திறப்பாங்கள். நான் சிரிச்சுக்கொண்டிருப்பன்."

அந்தக் காட்சி எங்கள் மூன்று பேருக்கும் பிடித்துப்போயிற்று. பூமணி அன்ரியே சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். படத்தைப் பொலித்தீன் உறையில் சுற்றி அலுமாரியின் மேல்தட்டில் வைத்தார்கள்.

அடுத்த மாரியில் அவர் காலமானார். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி, முடிந்துவிட்டது. ரமணனுக்குச் செத்த வீட்டுக்கு வந்துசேர முடியவில்லை. தகப்பனின் சிதையைத் தொலைபேசித் திரையில் பார்த்து அழுதார் என்று பிறகு சொன்னார்கள். அந்தியேட்டிக்கு வருவதாக ஏற்பாடு. கல்வெட்டு வேலையை அங்கிருந்தே அவர் பொறுப்பெடுத்தார். அச்சகத்து வட்ஸ்அப்புக்கு அடையாள அட்டைப் படம் வந்தது. நல்ல கோட் ஒன்று போட்டு, பின்னுக்கு நீலம் விட்டுத் தரச் சொல்லியிருந்தார்.

அப்பாவே தன் படத்தைக் கீறுவித்து வைத்திருக்கிறார் என்று பதில் எழுதி ஸ்கானை அனுப்பினேன். மனதுக்குள் ஒரு புளுகம், சின்னப்பிள்ளைச் சந்தோசம். இப்போது திறக்கப்போகிறார், இப்போது சிரிக்கப்போகிறார் என்று ஐயாவுக்காக நான் காத்திருந்தேன். அழைப்பு வந்தது.

"இது எங்கடை அப்பா இல்லை, அக்கா."

"தம்பி, நேரிலை இருந்து கீறினது."

"உங்களைப் பிழை சொல்லேல்லை. வடிவாத்தான் இருக்கு. மூக்கு அவற்றை மூக்குத்தான். மிச்சம் ஆரோ." "அப்பா இப்பிடிச் சிரிச்சு நான் ஒருநாளும் காணேல்லை."

சீட்டுக் கதையைச் சொல்லப் பார்த்தேன். அவர் கேட்கும் நிலையில் இல்லை. செத்த வீட்டுக்கும் வராத பிள்ளை, கல்வெட்டிலும் தகப்பனைப் பல்லைக் காட்டவைத்து அனுப்பினான் என்று சனம் சொல்லும் என்றார். சிரிப்பில்லாத அந்த முகம்தான் அவரிடம் மிஞ்சியிருந்த அப்பா. அதை நான் மாற்றச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தவராசா அண்ணையிடம் போய் நின்றேன். மெசின் சத்தத்துக்கு மேலால் சொன்னார்:

"கல்வெட்டு செத்த ஆளுக்கு அடிக்கிறேல்லை பிள்ளை. இருக்கிற ஆக்களுக்கு அடிக்கிறது."

பூமணி அன்ரிக்கு எடுத்தேன். ஐயாவின் விருப்பம் உங்களுக்குத் தெரியும், நீங்கள் சொன்னால் மகன் கேட்பார் என்றேன். மெல்லிய குரலில் பதில் வந்தது.

"கொள்ளி வைக்கவும் ஏலாமல் அங்கை நிண்டு அழுத பிள்ளை. அவன்ரை விருப்பத்துக்கு விடு."

'கோட்' கோப்புறையைத் திறந்தேன். ஐயாவின் தலையை வெட்டினேன். கறுப்புக் கோட், நீல ரை. கழுத்தில் நிறம் ஒத்துவந்தது.

5. முதல் பக்கம்

கீரிமலையில் கிரியை முடிந்து வீட்டில் சாப்பாடு. நானும் போயிருந்தேன். சாப்பிட்டு எழும்பியவர்களுக்கு வாசலில் கல்வெட்டுக் கொடுத்தார்கள். சின்னத்துரை அண்ணை வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றி, முதல் பக்கத்தைத் திறந்தார்.

"ஆரோ பாங்க் மனேச்சர் போலை இருக்கிறார்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அவரும்தான். சால்வையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை இடுப்பில் செருகினார்.

கூட்டம் குறைந்த பிறகு ரமணன் என்னிடம் வந்தார். நேரில் கண்டபோது திடுக்கிட்டேன். தகப்பனின் அதே வாய், அதே பூட்டு. அந்தத் தாளை ஒருக்கால் பார்க்கலாமா என்று கேட்டார். பூமணி அன்ரி அலுமாரியைத் திறந்து உறையோடு எடுத்துக்கொடுத்தார்.

திரையில் பார்ப்பதும் தாளில் பார்ப்பதும் ஒன்றல்ல. தாளில் பேனா அழுத்தியது தெரியும், வர்ணம் தயங்கி நின்ற கரை தெரியும், முன்னால் ஒரு ஆள் உயிரோடு இருந்தது தெரியும். அவர் கன நேரம் பார்த்தார்.

"என்னத்துக்குச் சிரிக்கிறார், அக்கா?"

"சின்னத்துரை அண்ணை தன்ரை ஆளையே துரும்பாலை வெட்டிப்போட்டார்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான் தம்பி."

அவர் விறாந்தைக் கதிரையில் இருந்துகொண்டார். ஒவ்வொரு ஞாயிறும் லண்டனிலிருந்து தவறாமல் அழைப்பாராம். சுகமோ, சாப்பிட்டியோ, அம்மாட்டைக் குடுக்கிறன். அப்பா பேசுவது அவ்வளவுதானாம். வீடியோவில் எடுத்தால் நெற்றி மட்டும் தெரியுமாம். அப்பாவுக்குச் சீட்டு விளையாடத் தெரியும் என்பதே இன்றைக்குத்தான் தெரியும் என்றார். யாரிடமும் முறையிடுகிற குரல் அல்ல அது. ஒரு பெரிய வீட்டில் ஒரு அறையை மட்டும் பார்த்துவிட்டு வந்தவர், மற்ற அறைகளின் பெயரைச் சொல்லிப் பார்க்கிற குரல்.

பிறகு தாயைப் பார்த்தார்.

"அம்மா, இதை நான் கொண்டுபோறன். அங்கை பிறேம் போட்டு வைக்கிறன்."

பூமணி அன்ரி வாழையிலைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கறிக்கு உப்புக் காணாது என்று சொல்வதுபோலச் சொன்னார்:

"நீ கொண்டுபோய் என்ன செய்யப்போறாய் ராசா? உனக்குத்தான் ஆளைத் தெரியேல்லையே."

அதில் கோபம் இல்லை. ரமணன் மெதுவாகத் தொலைபேசியை எடுத்துத் தாளுக்கு நேரே பிடித்தார். தாய் வந்து அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"எடுக்காதை. மனிசனை ஆக்களுக்குக் காட்டினது போதும். இருந்து பார்."

அவர் இருந்து பார்த்தார். அன்றைக்கும் சீட்டுக்காரர் மூன்று பேரும் விறாந்தையில்தான் இருந்தார்கள். ஒருவரும் சீட்டுக் கட்டைக் கொண்டுவரவில்லை.

நான் வெளிக்கிடும்போது பூமணி அன்ரி படலை வரைக்கும் வந்தார். கணினியில் இருப்பதையும் அழித்துவிடச் சொன்னார். அழித்துவிட்டேன். அதனால்தான் இந்தப் பதிவில் படம் இல்லை. கோட் போட்ட படம் என்னிடம் இருக்கிறது. அது ஏற்கெனவே வெளிவந்துவிட்டது.

6. பென்சிலாக இருக்கும்போதே

ஒப்பு எப்படி இருக்கிறது என்றுதான் நாம் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறோம். தளத்திலும் அதைத்தான் எழுதுகிறோம்: அப்படியே இருக்கிறார், உரித்துவைத்தது போல இருக்கிறார். குலசேகரம் ஐயாவின் படத்தை இங்கே போட்டிருந்தால் நீங்களும் எழுதியிருப்பீர்கள். அது அவரைப்போலத்தான் இருந்தது. அவரை அப்படிக் கண்டவர்கள் விறாந்தையில் மூன்று கிழவர்களும் ஒரு மனைவியும் நானும் மட்டும் என்பதை நான் கணக்கிலெடுக்கவில்லை. அலுமாரியின் மேல்தட்டில் அந்தச் சீட்டு கவிழ்ந்து கிடந்த அத்தனை மாதமும் ஞாயிற்றுக்கிழமைகள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு ஞாயிறும் அழைப்பும் வந்துகொண்டிருந்தது. ஒருமுறை அந்தப் படம் போயிருந்தால், சுகமோவுக்கும் சாப்பிட்டியோவுக்கும் நடுவில் ஒரு கேள்வி வந்திருக்கும்.

இப்போதெல்லாம் முகம் வரையக் கேட்டு வருகிறவர்களிடம் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். படம் முடியும்வரை காத்திருப்பதில்லை. பென்சில் கோடாக, மூக்கும் சரிவராமல், காதும் வைக்காமல் இருக்கும்போதே அவர்கள் சம்மதத்தோடு பிள்ளைகளுக்கு அனுப்பச் சொல்கிறேன். நம்மில் பலருக்கு இது பிடிக்காது என்று தெரியும். அரைகுறையை வெளியே காட்டுவதற்கு எனக்கும் கை கூசுகிறது. ஆனாலும் அனுப்பச் சொல்கிறேன்.

போன கிழமை குருநகரில் மீன் விற்கிற ஒரு அம்மா வந்தார். பாதி முகம் கீறியிருந்தேன். கனடாவிலிருக்கும் மகளுக்கு அனுப்பினார். உடனே குரற்செய்தி வந்தது: "அம்மா, ஏன் உப்பிடி முறைச்சுக்கொண்டு இருக்கிறியள்? ஆரோடை கோவம்?"

அந்த அம்மா தொலைபேசியை வாய்க்குக் கிட்டப் பிடித்தார். "கோவமோ? கேளடி, காலமை சந்தையிலை நடந்ததை" என்று தொடங்கினார். நான் பென்சிலை வைத்துவிட்டு எழும்பி மெசினடிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோதும் பேசிக்கொண்டுதான் இருந்தார்.

என்னத்துக்குச் சிரிக்கிறார் என்று அன்றைக்கு ரமணன் கேட்டதற்கு நான் பதில் சொன்னேன். பிழையான பதில் அல்ல, நடந்தது அதுதான். சொல்லவேண்டிய ஆள் நான் இல்லை.